குன்று எண் ஒன்று

ஓர் அரசாங்க உத்தரவை நிறைவேற்ற மலை தேவைப்பட்டு, மலை கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு விதிப்புத்தகத்தில் வழி கிடையாது. நான் முழுக்கத் தேடிப் பார்த்தவன். காணாமல் போன குண்டூசிக்கு என்ன செய்வது என்பது இருக்கிறது. இறந்துபோன கழுதைக்கு என்ன செய்வது என்பதும் இருக்கிறது. மலைக்கு இல்லை.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் மத்திய அரசின் தார்ப்பாய் மற்றும் கூடாரக் கிடங்கு ஒன்று இருந்தது. முன்னூறு ஏக்கர். அதில் முப்பது ஏக்கரில் கிடங்கு, அலுவலகம், குவார்ட்டர்ஸ், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மிச்சம் முழுக்கச் சீமைக் கருவேலம். நான் அங்கே தலைமை எழுத்தர். பெயர் பாஸ்கல். வயது நாற்பத்தேழு. கண்காணிப்பாளர் பதவி இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தேன்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பணியாளர்களிடையே தலைமைப் பண்பை வளர்க்கும் பொருட்டு, ஒவ்வொரு பிரிவும் மார்ச் முப்பத்தொன்றுக்குள், தகுதி வாய்ந்த வழிகாட்டி ஒருவரின் கீழ் பதினொரு கிலோமீட்டர் மலைநடை நடத்தி, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டறியும் பயிற்சி பெற்று, ஓர் இரவு வனாந்தரத்தில் தங்கி, அறிக்கை சமர்ப்பிக்க வேண்டியது.

எங்களுக்கு இது புதிதல்ல. முந்தின வருஷம் தர வட்டம் என்று ஒன்று வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாரம் ஒருமுறை உட்கார்ந்தோம். தரம் வரவில்லை, இடுப்பு வலி வந்தது. அதற்கும் முந்தின வருஷம் யோகாசனம். அதில் போன ஒருவர் இன்னும் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

ஆனால் எங்கள் கிடங்கு அதிகாரி திருவேங்கடம் இதை விடுவதாக இல்லை. அவர் அப்போதுதான் ஏதோ ஒரு மலைவாசஸ்தலத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். போகும்போது எல்லோரையும் போல ஒரு மனிதராகத்தான் போனார். வரும்போது பச்சைத் தொப்பி, கழுத்தில் விசில், வாயில் 'சேலஞ்ச்' என்ற ஒரு சொல். மோர் குடிப்பதுகூட அவருக்கு சேலஞ்ச் ஆகிவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் என் பணிப்பதிவேடு திறந்து கிடந்தது.

"மிஸ்டர் பாஸ்கல், இவ்வளவு நாளாக என்னிடம் மறைத்துவிட்டீர்களே!"

எதை என்று தெரியவில்லை. மறைத்தவை சில இருந்தன.

"நீங்கள் மலையேறுகிறவரா?"

அறுபத்தாறில் வேலைக்கு மனுப்போட்டபோது பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் தபால்தலை சேகரிப்பு என்று எழுதினார்கள். தனித்துத் தெரியட்டுமே என்று நான் 'மலையேற்றம்' என்று எழுதிவைத்தேன். என் வாழ்நாளில் நான் ஏறிய ஒரே மலை பரங்கிமலை. அதுவும் மாதா திருவிழாவுக்கு, படிக்கட்டு வழியாக, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டு.

இல்லை என்று சொன்னால் பொய்த் தகவல் தந்து வேலையில் சேர்ந்த குற்றம். ஆமாம் என்று சொன்னால் மலை.

"ஏதோ அப்போது கொஞ்சம், சார்" என்றேன்.

"நீங்கள்தான் வழிகாட்டி. நன்றாக முடித்துக் கொடுங்கள். உங்கள் பதவி உயர்வுக்கான ரகசிய அறிக்கையை நான் இன்னும் எழுதவில்லை" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. "ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்ட மலை இருக்குதாமே, அங்க கரடி இருக்குமா?" என்று என் மனைவி சகாயமேரியைக் கேட்டேன். "உங்களைப் பார்த்தா அது ஓடிடும், தூங்குங்க" என்றாள். அந்தக் கரடி பயம்தான், மலைக்குப் போகாமல் இருக்க எனக்கு வழி காட்டியது. விடிவதற்குள் யோசனை வந்துவிட்டது.

பணியிடத்தைவிட்டு எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஊழியர்களை அழைத்துப் போக மேலிட அனுமதி தேவை. அனுமதி கேட்டால் ஏப்ரலில் வரும். எந்த ஏப்ரல் என்று சொல்வதற்கில்லை. ஆகவே மலை எட்டு கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். ஆவடியைச் சுற்றி எட்டு கிலோமீட்டரில் உயரமானது என்றால் தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் எங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு மண்மேடு இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் குளம் வெட்டியபோது கொட்டிய மண். குளம் தூர்ந்துவிட்டது, மேடு நின்றுவிட்டது. முப்பத்தோரடி உயரம்.

நான் குறிப்பு எழுதினேன். 'குன்று என்பது சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்திருக்கும் நிலப்பகுதி என்று அகராதி கூறுகிறது. மேற்படி மண்மேடு சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்திருப்பது நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது. எனவே அதனைக் குன்று என அறிவிக்கலாம். ஆணை வேண்டப்படுகிறது.'

தட்டச்சு செய்த வனஜா தாளை உருவிக்கொண்டே, "சார், அப்போ நம்ம கேன்டீன் பின்னாடி இருக்கிற குப்பைமேடு?" என்றாள்.

"அது நிலம் இல்லைம்மா."

"சரி சார். மலைக்கு நாலு நகலா, அஞ்சு நகலா?"

திருவேங்கடம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு நாளில் மண்மேட்டின் அடியில் பெயர்ப்பலகை முளைத்தது: குன்று எண் 1.

அடுத்து வரைபடம். கிடங்கு பாதுகாக்கப்பட்ட இடம். அதற்குள் இருக்கும் வாயில், அலுவலகம், கிடங்குகள், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மதில்சுவர் எதையும் வரைபடத்தில் காட்டக்கூடாது. எல்லாவற்றையும் நீக்கி வரைந்ததில் மிச்சம் இருந்தது ஒரு முட்டையும் ஓர் அம்பும். முட்டை குன்று. அம்பு வடக்கு.

திசைகாட்டி, பண்டகக் காப்பாளர் பஷீர் அகமதுவிடம் ஒன்று இருந்தது. பூந்தமல்லிக்காரர். அறுபத்திரண்டில் வாங்கியது, யாரும் தொட்டதில்லை என்று துடைத்துக் கொடுத்தார். அலுவலக மேஜைமேல் வைத்துப் பார்த்தோம். ஊசி ஒரு சுற்றுச் சுற்றி, ரகசிய அறிக்கைகள் வைத்திருக்கும் இரும்பு பீரோவைக் காட்டி நின்றது. அந்த அலுவலகத்தில் எல்லோருடைய கண்ணும் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும், ஊசி மட்டும் என்ன விதிவிலக்கா?

"ஆக, அது வடக்கு" என்றார் திருவேங்கடம்.

பீரோவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் தினமும் சாயங்கால வெயில் என் முகத்தில் அடிக்கும். நான் வடக்கு என்றே குறித்துக்கொண்டேன். பதவி உயர்வு அந்தப் பீரோவுக்குள் இருந்தது.

கடைசியாகக் கூடாரம். எங்கள் கிடங்கில் நாலாயிரம் கூடாரம் இருந்தது.

"ஒண்ணு எடுத்துக்கலாமே பாய்" என்றேன்.

பஷீர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கேக்குற ஆபீசு வேற, குடுக்குற ஆபீசு வேறயா இருக்கணும் அண்ணே. இங்க கேக்குறதும் நாம, குடுக்குறதும் நாம. நமக்கு நாமே எப்படிக் குடுத்துக்கிறது? ஆடிட்ல தூக்கிடுவான். ஊட்ல போர்வ கீது, கொண்டாரேன்."

மார்ச் பதினேழாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு மலைநடை தொடங்கியது. திருவேங்கடம், பஷீர், வனஜா, வழிகாட்டியாகிய நான். மகளிர் பங்கேற்பு கட்டாயம் என்று சுற்றறிக்கையில் இருந்ததால் வனஜா. திருவேங்கடம் விசில் ஊதினார். நாலு ஏழுக்கு உச்சியை அடைந்தோம்.

உச்சியிலிருந்து எல்லாம் தெரிந்தது. ரயில் பாதை தெரிந்தது. ஆஸ்பத்திரி தெரிந்தது. என் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் சகாயமேரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கவனியுங்கள்! தெரிந்த இடத்தில் வழி கண்டுபிடிப்பது பயிற்சி ஆகாது" என்றார் திருவேங்கடம். "ஆகவே தெரிந்தவை அனைத்தும் தெரியாதவையாகக் கருதப்படும்."

சகாயமேரி எங்களைப் பார்த்துவிட்டாள். கையை வாயில் குவித்து, "என்னங்க! மிளகாத்தூள் தீந்துபோச்சு!" என்று கத்தினாள்.

"மிஸ்டர் பாஸ்கல், யார் அந்தப் பெண்மணி?"

"தெரியாது, சார்."

"உங்களைத்தானே கூப்பிடுகிறார்?"

"தெரியாது, சார்."

"அட, நம்ம அண்ணி சார் அது" என்றார் பஷீர்.

"எனக்குத் தெரியாது" என்றேன் மூன்றாவது முறையாக. வேதாகமத்தில் மூன்று முறை மறுதலித்த சீடனுக்குக் கூவியதுபோலச் சேவல் ஏதும் கூவவில்லை. அதுதான் ஆறுதல்.

இறங்கி, திசைகாட்டிப்படி வடக்கே, அதாவது ஊசி சொன்ன வடக்கே, கருவேலங்காட்டுக்குள் நுழைந்தோம். முள் சட்டையைக் கிழித்தது. அரை மணி நேரம் நடந்ததும் உடைந்த சிமென்ட் குழாய் ஒன்று வந்தது. திருவேங்கடம் 'அடையாளம் 1' என்று நோட்டில் குறித்தார். இன்னும் அரை மணி நேரத்தில் உடைந்த சிமென்ட் குழாய் ஒன்று வந்தது. 'அடையாளம் 2' என்று குறித்தார். மூன்றாவது முறை வந்தபோது குழாய்மேல் பஷீர் முதல்முறை துப்பிய வெற்றிலைச் சாறு அப்படியே இருந்தது. அதுவும் அடையாளம் மூன்றாகப் பதிவாயிற்று.

ஆறு மணிக்கு வனஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், பெண் ஊழியர் ஆறு மணிக்குமேல் வளாகத்தில் இருக்கக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு."

திருவேங்கடம் தடுமாறினார். பெண் இருந்தாக வேண்டும் என்று ஓர் உத்தரவு, இருக்கக்கூடாது என்று ஓர் உத்தரவு. இருபத்து மூன்று வருஷ அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. "ஆறு மணிக்குமேல் இருப்பதாகக் கருதலாம், சார்" என்றேன்.

அப்படியே கருதப்பட்டது. வனஜா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இரண்டு புதர்களுக்கு நடுவே புகுந்து, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து, ஆறு இருபது ரயிலைப் பிடித்துக் கொரட்டூரில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று வழி கண்டறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் பின்னாலேயே போயிருக்கலாம் என்று எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மூவரும் குனிந்து திசைகாட்டியைப் பார்த்தோம்.

இருட்டியதும் வனாந்தரத்தில் தங்கினோம். பஷீரின் போர்வையை நாலு கிளையில் கட்டினோம். சமையல் பயிற்சியும் உண்டு. ஆனால் தார்ப்பாய்க் கிடங்கு வளாகத்தில் நெருப்பு தடை. ஆகவே மூன்று கல்லைக் கூட்டி, நெருப்பு மூட்டியதாகக் கருதி, அரிசியைத் தண்ணீரில் போட்டு, வெந்ததாகக் கருதினோம். பஷீரின் மனைவி ஷம்ஷாத் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் மட்டும் இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவும் கருதவேண்டியிருந்திருக்கும். கொசு மட்டும் எதையும் கருதிக்கொள்ளவில்லை. நேரடியாகவே கடித்தது.

பத்து மணி இருக்கும். ஒதுங்கப் போன திருவேங்கடம் பள்ளத்தில் விழுந்தார். அலறல் கேட்டு ஓடினோம். வலது கணுக்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. ஐம்பது வயது மனிதர் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அதோ லைட்டு தெரியுது பாருங்க" என்றார் பஷீர். மரங்களுக்கு இடையே ஆஸ்பத்திரி வாசல் விளக்கு எரிந்தது. முன்னூறு கஜம்கூட இருக்காது.

திருவேங்கடம் விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாஸ்கல்... அது வரைபடத்தில் இருக்கா?"

"இல்லை, சார்."

"இருந்தாலும்..." என்று இழுத்தார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அவரைத் தூக்கிப் போயிருக்க வேண்டும். அவர் அதைத்தான் கேட்டார். ஆனால் எனக்கு வேறு கணக்கு ஓடியது. விளக்கைப் பார்த்து வெளியே வந்தால், வழிகாட்டிக்கு வழி தெரியவில்லை என்று ஆகிவிடும். பதினொரு கிலோமீட்டரும் முடியாது, அறிக்கையும் முடியாது. நாளைக்கு வலி போனபிறகு இவரே, 'வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு ஏன் போனீர்கள்?' என்று கேட்பார். கேட்கமாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"திசைகாட்டிப்படியே போனால் முக்கால் மணி நேரத்தில் வெளியே போய்விடலாம், சார்" என்றேன். என் குரலில் இருந்த உறுதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போர்வையில் இரண்டு கொம்பைச் செருகி அவரைப் படுக்கவைத்தோம். நான் முன்னால், பஷீர் பின்னால். திருவேங்கடம் கனமான மனிதர். திசைகாட்டியை அவர் நெஞ்சின்மேல் வைத்து, டார்ச்சையும் அவர் கையிலேயே கொடுத்தேன். "வடக்கு இந்தப் பக்கம்" என்று அவர் முனகுவார், நாங்கள் திரும்புவோம். ஆஸ்பத்திரி விளக்கு இடது பக்கம் வந்தது, போயிற்று. மறுபடி இடது பக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் வழி முடிந்தது ஒரே இடத்தில்தான். பழைய கூடார ஆணிகளையும் இரும்புக் கம்பங்களையும் கழித்துக் கொட்டிய ஒரு குவியல். புதருக்குள் நாலைந்து டன் இரும்பு. ஊசி அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

நாலாவது முறை பஷீர் கொம்பைக் கீழே வைத்துவிட்டார். அவர் எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மனுசன் வலியில துடிக்கிறாரு. விளக்கு எரியுது. நீ யாருக்குப் பயப்படுற?"

நான் பயப்படவேண்டிய ஆளைத்தான் போர்வையில் தூக்கிக்கொண்டிருந்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "மேலிடத்தில் கேட்பார்கள், பஷீர்" என்றார். அந்த மேலிடத்தில் இருக்கிறவரும் இதே நேரத்தில் யாரையோ நினைத்துத் தூக்கமில்லாமல் புரண்டிருக்கலாம்.

அதற்குள் டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. ஆஸ்பத்திரி விளக்கும் மின்வெட்டில் அணைந்தது. இப்போது உண்மையாகவே வழி தெரியவில்லை. விடியும்வரை இரும்புக் குவியல் அருகே அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் மறுபடி தூக்கினோம். எதிரே இரண்டு எருமை வந்தன. பின்னால் அரிவாளும் கோணியுமாக ஒரு பெண். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பொன்னியம்மா. இடிந்த சுவர் வழியாகப் புல்லறுக்க வருகிறவள். எங்களைப் பார்த்ததும் கோணியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, யாரு பூட்டாங்க?"

"யாரும் போகவில்லை" என்றது போர்வை.

அவள் இரண்டடி பின்வாங்கி, பிறகு குனிந்து பார்த்தாள். "இன்னாயா இது? கால் இம்மாம் பெருசா வீங்கிக் கீது? ராவெல்லாம் இங்கியா கெடந்தீங்க? ஆஸ்பத்திரி அதோ கீதே! கண்ணு தெரியல?"

"வரைபடத்தில்..." என்று தொடங்கினேன்.

"இன்னா படம்? தூக்குயா மொதல்ல. நைனா, நீ அந்தாண்ட புடி. அந்த எரும பின்னாடியே வா, அதுக்கு வழி தெரியும்."

எருமை முன்னால் போக, அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஒரு பக்கம் கொம்பைப் பிடிக்க, நாலே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டோம். எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ராத்திரியே வந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்றார் டாக்டர். திருவேங்கடம் என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரில் இருந்த குடும்பக்கட்டுப்பாடு விளம்பரத்தை முழுக்கப் படித்தேன்.

மார்ச் முப்பதாம் தேதி அறிக்கை போனது. குன்று எண் ஒன்று வெற்றிகரமாகக் கடக்கப்பட்டது, எதிர்பாராத காயமும் திறமையாகக் கையாளப்பட்டது, வழிகாட்டி கடைசிவரை திசைகாட்டியைக் கைவிடவில்லை என்றெல்லாம் திருவேங்கடம் படுத்தபடியே சொல்லச்சொல்ல வனஜா தட்டினாள். அதில் ஒன்றும் பொய் இல்லை. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. குன்றில் பணிபுரிகிறவர்களுக்குச் சம்பளத்தோடு மலைப்படியும் வேண்டும் என்று ஊழியர் சங்கம் மனுக்கொடுத்தது, அது பரிசீலனையில் இருக்கிறது. ஜூன் மாதம் நான் கண்காணிப்பாளர் ஆனேன். சகாயமேரி பாயசம் வைத்தாள்.

பாராட்டுக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது. அறிக்கையில் 'உள்ளூர்வாசி ஒருவரின் உதவியுடன்' என்று காணப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதிக்குள் உள்ளூர்வாசி எப்படி வந்தார்? எடுத்த நடவடிக்கை என்ன?

ஆகவே கண்காணிப்பாளராக நான் கையெழுத்திட்ட முதல் காகிதம் பொன்னியம்மாவுக்கு ஒரு மெமோ.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் பொன்னியம்மா. கையில் அந்தக் காகிதம்.

"நைனா, வாட்ச்மேன் குடுத்துட்டுப் போனான். இங்கிலீசுல கீது. யாரும் படிச்சிச் சொல்ல மாட்டன்றாங்க. உனுக்குத்தான் என்னத் தெரியுமே, இன்னான்னு பாரு."

வாங்கினேன். என் கட்டைவிரல் தானாகவே கீழே இருந்த கையெழுத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. படித்துச் சொன்னேன். மார்ச் பதினெட்டாம் தேதி அதிகாலை, முன் அனுமதியின்றி, இரண்டு எருமைகளுடன், குன்று எண் ஒன்றுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும்.

"குன்றா? எந்தக் குன்று?"

"அதான், அந்த மண்மேடு."

அவள் என்னையே பார்த்தாள். நான் எதிர்பார்த்தபடி அவள் திட்டவில்லை.

"இத எழுதுனது யாரு நைனா?"

"மேலிடம்" என்றேன்.

"பாவம்" என்றாள் அவள். நிஜமாகவே பாவப்பட்டாள். "அவனும் எங்கியோ வழி தெரியாம மாட்டிக்கினு கீறான் போல. எந்தாண்ட கீறான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. நானே போயி இட்டாந்து உடறேன்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்து, உள்ளே போய், பேனாவை எடுத்துவந்து, கட்டைவிரலை நகர்த்தாமலே காகிதத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

"பெற்றுக்கொண்டேன்னு இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா."